கேட்டது தவணை, கிடைத்தது தள்ளுபடி

(வானொலி மறையுரை – பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. நற்செய்தி: மத்தேயு 18:21-35)



இன்றைய நற்செய்தியில் பேதுரு ஒரு கணக்கோடு வருகிறார். என் சகோதரர் எனக்கு எதிராகக் குற்றம் செய்துகொண்டே இருந்தால் நான் எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறை போதுமா என்று ஆண்டவரிடம் கேட்கிறார். பேதுருவைக் குறைவாக எடைபோட்டுவிட வேண்டாம். ஏழு முறை என்பது சாதாரணம் அல்ல. நம் வீடுகளில் இரண்டாவது முறையே, "ஒரு தடவை பட்டது போதாதா?" என்று சொல்லிவிடுகிறோம். மூன்றாவது முறை வாசல் கதவு சாத்தப்படுகிறது. பேதுரு ஏழு வரை போகத் தயாராக இருக்கிறார். ஆனாலும் அவர் மனத்தில் ஓர் எல்லை இருக்கிறது. எட்டாவது முறை என்ன செய்யலாம் என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி.

இயேசு அந்த எல்லைக்கோட்டை அழித்துவிடுகிறார். ஏழு முறை அல்ல, எழுபது தடவை ஏழு முறை என்கிறார். இதைக் கேட்ட யூத மக்களுக்குத் தொடக்கநூலின் ஒரு பழைய பெயர் நினைவுக்கு வந்திருக்கும். காயினின் வழிவந்த இலாமேக்கு என்பவன் தன் மனைவியரிடம் பெருமை பேசுகிறான். காயினுக்காக ஏழு மடங்கு பழி என்றால், எனக்காக எழுபத்தேழு மடங்கு பழி என்கிறான் (தொநூ 4:24). தன்னைக் காயப்படுத்திய ஒருவனைக் கொன்றுவிட்டு அவன் பேசிய பேச்சு அது. பழிவாங்குதலுக்கு எல்லையே கிடையாது என்று அன்று மனிதன் சொன்னான். இயேசு அதே எண்ணை எடுத்து, மன்னிப்புக்கு எல்லை கிடையாது என்று திருப்பிச் சொல்கிறார். இலாமேக்கின் வழியா, இயேசுவின் வழியா என்ற தேர்வு நம் முன் வைக்கப்படுகிறது.

அடுத்து அவர் ஒரு கதை சொல்கிறார். அரசர் ஒருவர் தம் பணியாளர்களிடம் கணக்குக் கேட்கிறார். பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். இந்தத் தொகையைச் சற்று நின்று கவனிப்போம். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் பத்தாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 2 லட்சம் ஆண்டுகள் உழைத்தால்தான் அடைக்க முடியும். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் ஆண்டுக்கு 200 தாலந்து வரி வந்தது என்று யூத வரலாற்று ஆசிரியர் ஜோசப்பஸ் எழுதியிருக்கிறார். ஒரு நாட்டின் ஐம்பது ஆண்டு வருமானத்தை ஒரே ஓர் ஆள் கடன்பட்டிருக்கிறான்! கிரேக்க மொழியில் பத்தாயிரம் என்பதுதான் தனிப்பெயர் கொண்ட மிகப் பெரிய எண். தாலந்துதான் பணத்தின் மிகப் பெரிய அளவு. இரண்டையும் சேர்த்து, மனித மனம் எட்டக்கூடிய உச்சத் தொகையை ஆண்டவர் சொல்கிறார். இன்று ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கடன் 3,000 கோடி ரூபாய்.

அந்தக் காலத்தில் கடனை அடைக்க முடியாதவர் தம் மனைவி மக்களோடு விற்கப்படுவது நடந்த ஒன்று. எலிசாவிடம் கதறிய கைம்பெண்ணின் இரு பிள்ளைகளையும் அடிமைகளாக்கக் கடன்காரன் வந்து நின்றதை அரசர்கள் இரண்டாம் நூலில் வாசிக்கிறோம். நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. முன்பணம் வாங்கிய காரணத்துக்காகச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்தவர்களை நம் மண் பார்த்திருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் மீட்கப்பட்டவர்கள் உண்டு. ஆகவே அந்தப் பணியாள் அரசரின் காலில் விழுந்தபோது அவன் உடல் எப்படி நடுங்கியிருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

அவன் என்ன கேட்டான்? மன்னிப்புக் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றான். தவணை கேட்டான். இரண்டு லட்சம் ஆண்டுக் கடனுக்குத் தவணை! அரசர் மனமிரங்கி, அவன் கேட்காத ஒன்றைத் தருகிறார். கடன் முழுவதையும் தள்ளுபடி செய்து அவனை விடுவிக்கிறார். 'பொறுத்தல்' என்ற நம் தமிழ்ச்சொல் இங்கே அழகாகப் பொருந்துகிறது. அவன் "பொறும்" என்றது காத்திருக்கச் சொல்லி. அரசர் பொறுத்தது மன்னித்து. பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொள்வதையும் பொறுத்தல் என்றுதான் சொல்கிறோம். மூன்றாவது பொருளையும் நாம் மறக்கக்கூடாது. அந்தக் கடன் காற்றில் கரைந்துவிடவில்லை. 3,000 கோடியின் நட்டத்தை அரசரின் கருவூலம் ஏற்றுக்கொண்டது. மன்னிப்பவர் எவரும் ஒரு நட்டத்தைத் தம் மேல் ஏற்றுக்கொள்கிறார். திருச்சிலுவையில் நாம் பார்ப்பது அதைத்தான்.

அன்புக்குரியவர்களே, கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் அந்தப் பணியாள் வெளியே போகிறான். போனதும், தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்டிருந்த உடன்பணியாளனைப் பார்க்கிறான். கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான். அவனும் காலில் விழுகிறான். சற்று முன் இவன் அரசரிடம் கெஞ்சிய அதே சொற்களைச் சொல்லிக் கெஞ்சுகிறான். தன் குரலே தன் காதில் விழுந்தும் இவனுக்கு அது கேட்கவில்லை. கடனை அடைக்கும்வரை அவனைச் சிறையில் தள்ளுகிறான்.

நூறு தெனாரியம் அற்பத் தொகை என்று நாம் வழக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. நூறு நாள் கூலி என்பது இன்றைய கணக்கில் 50,000 ரூபாய். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அது ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், ஒரு மருத்துவச் செலவு. இயேசு மிகக் கவனமாக அந்தத் தொகையைத் தேர்ந்திருக்கிறார். பிறர் நமக்குச் செய்த தீங்கு ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. உங்களுக்கு வலித்தது உண்மை. உங்களுக்கு வரவேண்டியது வராமல் போனது உண்மை. அந்த நூறு தெனாரியத்தை ஆண்டவர் மறுக்கவில்லை. அதை ஆறு கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறார். ஆறு லட்சத்துக்கு ஒன்று என்பதுதான் இரண்டுக்கும் உள்ள விகிதம்.

அந்தப் பணியாளின் சிக்கல் எங்கே இருக்கிறது? அரண்மனைக்குள் நடந்தது அவன் உள்ளத்துக்குள் இறங்கவில்லை. கடன் தள்ளுபடியான பிறகும் அவன் இன்னும் கடன்காரனாகவே யோசிக்கிறான். கொடுத்தவன், வாங்கியவன், வசூல், பாக்கி என்ற உலகத்தை விட்டு அவன் வெளியே வரவில்லை. இரக்கத்தின் வீட்டிலிருந்து வெளியேறி, நேராகப் பழைய கடைத்தெருவுக்கே போய்விட்டான்.

நம் கதையும் வாசலில்தான் தீர்மானிக்கப்படுகிறது. ஆலயத்துக்குள் பாவ அறிக்கை செபம் சொல்கிறோம். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்கிறோம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் கைகுவித்து நாலு பக்கமும் திரும்புகிறோம். ஆனால் மூன்று வரிசை தள்ளி நிற்கிற உடன்பிறந்த அண்ணன் பக்கம் மட்டும் தலை திரும்புவதில்லை. பாகப்பிரிவினையில் இரண்டு சென்ட் இடம் கூடக்குறையப் போயிருக்கும். கிணற்றுத் தண்ணீர் முறை, பொதுச்சுவர், அம்மாவின் நகை, ஒரு கல்யாணத்தில் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது என்று ஏதோ ஒன்று. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நம் கல்லறைத் தோட்டங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரே தகப்பனின் கல்லறைக்குக் காலையில் மூத்தவர் குடும்பம் வந்து பூ வைத்து மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகும். அவர்கள் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டு, மாலையில் இளையவர் குடும்பம் வரும். ஒரே கல்லறையில் இரண்டு மாலைகள்! உள்ளே உறங்குகிற தகப்பனுக்கு இந்த இரண்டு மாலைகளைவிட, இரண்டு பிள்ளைகளும் ஒருமுறை சேர்ந்து நின்று சொல்கிற ஓர் 'அருள்நிறைந்த மரியே' எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

இன்றைய முதல் வாசகத்தின் ஆசிரியர் சீராக்கு, இயேசுவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டுகொண்டார். சக மனிதர் மேல் சினத்தை வளர்த்துக்கொண்டு ஆண்டவரிடம் நலம் தேடுவது எப்படி முடியும் என்று அவர் கேட்கிறார். முடிவை நினைத்துக்கொள், பகையை விட்டுவிடு என்கிறார். சாவை நினைத்தால் இரண்டு சென்ட் இடத்தின் அளவு மாறிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தியை நான் சொல்லியாக வேண்டும். இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிற யாரோ ஒரு சகோதரிக்காகச் சொல்கிறேன். இந்த உவமையைத் தவறான இடத்தில் பயன்படுத்துவது நம்மிடையே உண்டு. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றி அழுதுகொண்டு வருகிற பெண்ணிடம், "மன்னித்துவிடு, எழுபது தடவை ஏழு முறை என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே, சிலுவையைச் சும" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உவமையை மறுபடி வாசியுங்கள். கழுத்தை நெரிக்கிறவனிடம் அகப்பட்டவனைப் பார்த்து, 'பொறுத்துக்கொள்' என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்த மற்றப் பணியாளர்கள் மிகவும் வருந்தி, அரசரிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்கிறார்கள். அவர்கள் கோள் சொன்னார்கள் என்று இயேசு குறை கூறவில்லை. அரசர் தலையிடுகிறார். இதே மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், இந்த உவமைக்குச் சற்று முன்னால், குற்றம் செய்த சகோதரரிடம் தனியே போய்ச் சொல், கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் செவிசாய்க்காவிட்டால் திருச்சபையிடம் சொல் என்று ஆண்டவர் வழி காட்டியிருக்கிறார். உண்மையை வெளியே சொல்வது மன்னிப்புக்கு எதிரானதல்ல. அடியிலிருந்து விலகி நிற்பதும், பிள்ளைகளைப் பாதுகாப்பதும், 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைப்பதும் பாவம் அல்ல. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நாம்தான் அந்த மற்றப் பணியாளர்கள். பார்த்தும் பேசாமல் இருந்தால் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

மன்னிப்பும் நீதியும் எப்படிக் கைகோக்கின்றன என்பதற்கு நம் நாட்டுத் திருச்சபையே ஒரு சான்று தந்திருக்கிறது. கேரளத்தில் புல்லுவழி என்ற ஊரில் 1954ஆம் ஆண்டு பிறந்தவர் அருளாளர் இராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்த அருள்சகோதரி. மத்தியப் பிரதேசத்தின் உதயநகர் பகுதியில் நிலமற்ற பழங்குடி மக்களிடையே பணி செய்தார். வட்டிக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாக மாட்டிக்கொண்டிருந்த அந்த மக்கள், வங்கிக் கடன் பெறவும், தங்கள் உரிமைகளை அறிந்துகொள்ளவும் உதவினார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25ஆம் நாள், பேருந்தில் இந்தோருக்குப் போய்க்கொண்டிருந்த அவரை, ஏவப்பட்ட ஒருவர் கத்தியால் பலமுறை குத்திக் கொன்றார். கடன்பட்டவர்களின் கழுத்தைப் பிடித்த கைகளைத் தடுக்கப் போன ஒருவர், அதற்காகத் தம் உயிரைக் கொடுத்தார்.

கொலை செய்தவருக்கு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. 2002ஆம் ஆண்டு ரக்ஷா பந்தன் நாளில், இராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் அதே சபையின் துறவியுமான அருள்சகோதரி செல்மி பால் அந்தச் சிறைக்குப் போனார். கத்தியைப் பிடித்த அந்தக் கையில் ராக்கி கட்டி, அவரைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். பின்னர் அவருடைய விடுதலைக்காகக் குடும்பத்தினரும் திருச்சபையும் மன்றாடினார்கள். 2006ஆம் ஆண்டு அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4ஆம் நாள் இந்தோரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். அக்காவைப் பறிகொடுத்த தங்கைக்கு இருந்த பாக்கி நூறு தெனாரியம் அல்ல. அதற்கு ஈடே கிடையாது. அதையும் அவர் தம் மேல் ஏற்றுக்கொண்டார்.

"சாமி, அவர் துறவி. நம்மால் முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உவமையின் கடைசியில் இயேசு ஒரு சொல்லை வைக்கிறார்: உள்ளத்திலிருந்து மன்னிக்க வேண்டும் என்கிறார். உள்ளம் உடனே வராது. நினைத்தாலே நெஞ்சு எரிகிறது என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் அந்தக் கதையின் ஒரு சிறு விவரத்தைக் காட்டுவேன். அவன் கழுத்தைப் பிடித்திருந்தான். மன்னிப்பின் முதல் படி, பிடித்த விரல்களைத் தளர்த்துவது. கட்டிப்பிடிப்பது பிறகு வரட்டும்.

விரல்களைத் தளர்த்துவது என்றால் என்ன? அவரைப் பற்றி நாலு பேரிடம் பேசுவதை இந்த வாரம் நிறுத்துவது ஒரு விரல். அவர் வீட்டில் ஒரு துக்கம் என்றால் போய் வாசலில் நிற்பது ஒரு விரல். "சித்தப்பா வீட்டோடு பேசாதே" என்று பிள்ளைகளுக்கு நாம் போட்ட தடையை எடுப்பது ஒரு விரல். நம் கடனை அவர்கள் தலையில் ஏன் எழுதிவைக்க வேண்டும்? திருப்பலியில் காணிக்கை நேரத்தில் அவர் பெயரை மனத்துக்குள் சொல்வது ஒரு விரல். கசப்போடுதான் சொல்ல முடிகிறது என்றால் கசப்போடு சொல்லுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில், "சாமி, மன்னிக்க முடியவில்லை" என்று உண்மையைச் சொல்வதும் ஒரு விரல்தான். எழுபது தடவை ஏழு முறை என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரே தீங்கையே நாம் பலமுறை மன்னிக்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை மன்னித்தது வியாழக்கிழமை மறுபடி எழும்பி நிற்கும். அதற்காக மனம் தளர வேண்டாம். மறுபடி மன்னியுங்கள். எண்ணிக்கை வேண்டாம் என்றுதானே ஆண்டவர் சொல்லியிருக்கிறார்.

உவமையின் முடிவு கடுமையானது. அரசர் சினங்கொண்டு, கடன் முழுவதையும் அடைக்கும்வரை அவனை வதைப்போரிடம் ஒப்படைக்கிறார். கொடுத்த மன்னிப்பைக் கடவுள் பறித்துக்கொள்வாரா என்று இதைக் கேட்டு அஞ்சுகிறவர்கள் உண்டு. இயேசு நம்மை எச்சரிக்கிறார், அந்த எச்சரிக்கையை மென்று விழுங்கிவிடக்கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணக்குப் புத்தகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான். அரசர் மூடிய புத்தகத்தை அவன் வாசலில் போய்த் திறந்தான். மூடிய கையில் எதையும் வைக்க முடியாது. பகையைப் பிடித்திருக்கிற கையில் கடவுளின் மன்னிப்பும் தங்குவதில்லை. பத்து ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கிற வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். வதைப்பவர்கள் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். தூக்கம் போனது, பண்டிகை போனது, அண்ணன் தம்பி என்ற சொல்லே வீட்டில் இல்லாமல் போனது என்பார்கள்.

இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். அதனால்தான் அவர் கற்றுத்தந்த செபத்தில் நம் மன்னிப்பையும் கடவுளின் மன்னிப்பையும் ஒரே மூச்சில் இணைத்தார். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். இன்று இரவு குடும்ப செபத்தில் அந்த இடம் வரும்போது ஒரு நொடி நின்று, ஒரே ஒரு முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முகம் யாருடையது என்று உங்களுக்கு இப்போதே தெரியும்.

மன்றாடுவோம். இரக்கமுள்ள தந்தையே, நாங்கள் தவணை கேட்டு வந்தோம், நீர் கடனையே தள்ளுபடி செய்தீர். உம் வாசலை விட்டு இறங்கும்போது எங்கள் கைகள் யாருடைய கழுத்தையும் தேடாதிருக்கச் செய்தருளும். காயப்பட்டவர்களுக்கு ஆறுதலும், காயப்படுத்தியவர்களுக்கு மனமாற்றமும், பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத் துணிவும் தாரும். பிரிந்து கிடக்கிற குடும்பங்களை உம் மகனின் சிலுவையடியில் ஒன்றுசேரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.